நடுவில் இருந்த ஐந்து வரைவுகள்

மார்ச் பதினொன்றாம் தேதி கல்லூரித் துறைத்தலைவர் இழைத்த அநியாயம் இது: வெல்டர் ஒருவரின் மகளான மாணவியின் இறுதியாண்டுக் கட்டுரை அவள் எழுதியதே அல்ல என்று தள்ளுபடி செய்தார். அவள் கொடுத்த முதல் வரைவையும் கடைசி வரைவையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நடுவில் இருந்தவற்றைக் கேட்கவேயில்லை. கட்டுரை போனால் அவளுக்குப் பட்டம் இல்லை.

எழுத்துப் பயிற்சி அறையை நடத்துபவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘இன்னொருதடவை அக்கா’. மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே ஒதுக்கித் தந்த அறை. ஒரு பத்தி எழுதத் திணறுபவர்களையெல்லாம் எல்லாத் துறைகளும் அங்கேதான் தள்ளிவிடும். அக்கா யார் தாளிலும் பேனா வைக்கமாட்டார். எழுதியவரையே உரக்க வாசிக்கவைப்பார், தடுமாறும் இடத்தில், “என்ன சொல்ல வந்தே? வாயால சொல்லு” என்பார். சொன்னதை எழுதி முடித்தால், “இன்னொருதடவை.” தபால் வழியில் தனியாகப் படித்தபோது தானே கண்டுகொண்ட வழி அது. ஒவ்வொரு வரைவிலும் தேதியும் மாணவர் கையெழுத்தும் வாங்கிக் கோப்பில் வைப்பார்.

வெல்டர் மகளும் அங்கேதான் எழுதிப் பழகியவள். அவள் கோப்போடு அக்காவும் அவளும் துறைத்தலைவர் முன் நின்றார்கள்.

“ரெண்டும் ஒரே ஆள் எழுதினதா? காதுல பூ சுத்தாதீங்க மேடம்.”

“நடுவுல அஞ்சு இருக்கு சார். பாருங்க.”

“முதலும் கடைசியும் போதும்.”

“உங்க சின்ன வயசு போட்டோவையும் இப்ப எடுத்ததையும் பக்கத்துல வச்சா, வேற வேற ஆளுன்னுதான் சார் சொல்வாங்க.”

வாசலில் நின்ற அலுவலக உதவியாளர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

துறைத்தலைவருக்குச் சுருக்கென்றது. “அப்போ இவ இங்கயே ஒரு பக்கம் எழுதட்டும்!”

வெல்டர் மகள் தாளை இழுத்தாள். எழுதினாள், முணுமுணுத்து வாசித்தாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அக்கா தள்ளியே நின்றார். பிறகு அவள் எழுந்து, உரக்கவே வாசித்தாள்:

“ஐயா, ஐந்து வரைவுகளைப் பார்க்காமலே என்னைத் திருடி ஆக்கினீர்கள். எழுதத் தெரியாமல்தான் வந்தேன்; அதை ஒளிக்கவில்லை. கற்றுக்கொண்டது குற்றம் என்றால் அந்த விதியைக் காட்டுங்கள்.”

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிம்மா, இந்தத் தடவை விட்டுடறேன். போ.”

“விட வேணாம் சார்” என்றாள் அவள், கோப்பை அவர் மேசைமேல் வைத்து. “அஞ்சையும் படிங்க. நான் எழுதினதா இல்லையான்னு, காரணத்தோட எழுத்துல பதில் குடுங்க.”