சுப்பையா ஆசாரியின் முழங்கை

எலும்புப் பெட்டி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்து, கோடை விடுமுறைக்காகக் கப்பலில் போர்ட் பிளேர் வந்து இறங்கினேன். துறைமுகத்தில் ஒரு கான்ஸ்டபிள் என் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் துள்ளினார்.

"பாப்ரே! யே க்யா ஹை?"

மேலாக இருந்தது மண்டையோடு. அதற்குக் கீழே பழைய சேலைத் துணியில் சுற்றிய கை எலும்புகளும் கால் எலும்புகளும். ஒரு சீனியரிடமிருந்து வாங்கிய ஹாஃப் செட் அது. உடற்கூறு படிக்கும் எங்களுக்கு அதுதான் பாடப் புத்தகம். விடுமுறையில் படிக்கலாமென்று கொண்டுவந்திருந்தேன்.

"படாயி கா சாமான்" என்றேன். படிப்புச் சாமான்.

"நகலியா, அஸ்லியா?"

"அஸ்லி."

நிஜம் என்றதும் அவர் இன்னும் ஓரடி விலகினார். என்னை அழைத்துப்போக வந்திருந்த அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். கான்ஸ்டபிள் பெட்டியை மூடச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, இந்தச் சில்லு உன் பெட்டியில் உண்டா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கொள்ளவில்லை. என் உள்ளங்கையிலேயே வைத்துக் குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள், கப்பலில் என்னோடு வந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் டெலானிபூர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, ஃபிட்டர் மகள் மனித எலும்போடு வந்திருக்கிறாள் என்ற செய்தி டாலிகஞ்ச் வரைக்கும் போய்விட்டது.

அறுபதுகளின் பிற்பகுதி அது. பிசியோதெரபி என்ற பெயரை எங்கள் பக்கத்தில் கேள்விப்பட்டவர் யாருமில்லை. நான் மெட்ராசுக்குக் கப்பலேறிய அன்றைக்கே அப்பா கேட்டிருந்தார்.

"என்ன படிப்புன்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

"அடிபட்டவங்க, வாதம் வந்தவங்கள மறுபடியும் நடமாட வைக்கிறதுப்பா. அவங்க வேலைய அவங்களே பாத்துக்குற மாதிரி ஆக்குறது."

"அப்ப டாக்டரா?"

"டாக்டர் இல்ல."

"நர்சா?"

"நர்சும் இல்ல."

கடைசியில் அவர் 'எக்சர்சைஸ் படிப்பு' என்று சொல்லிவைத்தார். கேட்டவர்கள் அதை டிரில் மாஸ்டர் படிப்பு என்று புரிந்துகொண்டார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த எங்கள் கோயில் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை டிரில் மாஸ்டர் ஆகப்போகிறாள் என்பதில் பலருக்கும் சிரிப்பு.

கீல்

நான் வந்த அதே வாரம் சுப்பையா ஆசாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்த்தார். டெலானிபூரில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த குவார்ட்டர்ஸ்களில் பாதிக் கதவுகள் அவர் செய்தவை. வலது கை மடங்கியபடியே நின்றிருந்தது. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"பாப்பா, மனுச எலும்பு வச்சிருக்கியாமே. என் முழங்கை எதுன்னு காட்டுதியா?"

அம்மா உள்ளேயிருந்து முணுமுணுத்தாள். அந்தப் பெட்டி அவளுக்கு ஆகவே இல்லை. நான் மேற்கை எலும்பையும், அதோடு பொருந்தும் கீழ்க்கை எலும்பையும் எடுத்துச் சேர்த்துக் காட்டினேன். ஆசாரி முன்னும் பின்னும் திருப்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு இடது கையால் தானே வாங்கித் திருப்பினார்.

"கீல் மாதிரில்லா இருக்கு!"

"ஆமா அண்ணாச்சி. நாங்களும் கீல் மூட்டுன்னுதான் சொல்றோம்."

"இது நல்லாத்தான் திரும்புது. அப்ப எனக்கு எந்த இடத்துல இடிக்குது?"

நானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன், இடிக்கும் இடம் அகப்படவில்லை. அந்தக் கேள்வி அவருக்கு எவ்வளவு பிடித்திருந்ததோ அவ்வளவு எனக்கும் பிடித்திருந்தது.

மழைக்கு முன்னால் வீட்டுக் கூரைத் தகரத்தைச் சரிசெய்ய ஏறியவர் வழுக்கி விழுந்திருக்கிறார். முழங்கையில் முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, காலம் முடிந்து பிரித்தும் விட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் நீளவுமில்லை, மடங்கவுமில்லை. சோறு வாய்க்கு எட்டவில்லை. காண்டிராக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் வேலை முடிய வேண்டுமே. "மெயின்லேண்ட்ல இருந்து வேற ஆசாரிக்குச் சொல்லிவிடட்டுமா சுப்பையா?" என்று கேட்டிருக்கிறார். குடியிருந்த குடிசையும் காண்டிராக்டருடையது. வேலை போனால் அதுவும் போகும், அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எண்ணெய்க் கிண்ணம்

மறுநாள் அப்பாவோடு டாலிகஞ்சில் ஆசாரி வீட்டுக்குப் போனேன். ஆசாரியின் மனைவி பேச்சியம்மாள் மதினி அப்போதுதான் அடுப்பிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை இறக்கிக்கொண்டிருந்தார். ஆசாரி பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மதினி முழங்கையில் எண்ணெயைத் தேய்த்து, மணிக்கட்டைப் பிடித்து, தன் முழுப் பலத்தோடு கையை நீட்டி இழுத்தார். ஆசாரி பல்லைக் கடித்தார். இழுத்தவர் கண்ணிலும் தண்ணீர்.

"வலிச்சாத்தாம்மா வழிக்கு வரும். தெனமும் இப்படித்தான் உருவுதேன்."

நான் கையை வைத்துப் பார்த்தேன். மூட்டு சுட்டது. முன்பக்கச் சதைக்குள் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. வகுப்பில் எங்கள் ஆசிரியை ஒருநாள் போகிறபோக்கில் சொன்னது ஞாபகம் வந்தது: வேறு எந்த மூட்டோடு மல்லுக்கட்டினாலும் கட்டுங்கள், முழங்கையை மட்டும் பலவந்தம் பண்ணாதீர்கள், சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும். ஏன் முழங்கைக்கு மட்டும் அந்தக் குணம் என்று அப்போது நான் கேட்கவில்லை.

"மதினி, உருவுறத நிறுத்தணும்னு தோணுது."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் எம் புருசன் கையக் கெடுக்குதேன்னு சொல்லுதியா?"

"அப்படிச் சொல்லல. இழுக்க இழுக்க அது இன்னும் இறுகுதோன்னு..."

"இறுகுதோன்னா? ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நியாயமான கேள்வி. எனக்குச் சந்தேகம்தான் இருந்தது, உறுதி இல்லை. பாதிப் படிப்பில் இருக்கும் ஒரு பெண் பேச்சைக் கேட்டு யார் வைத்தியத்தை நிறுத்துவார்கள்? "தெரியாது மதினி. தெரிஞ்சவர்கிட்ட கேப்போம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் பெங்காலி டாக்டர் ஒருவர் இருந்தார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, புதிதாக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூட்டுக்கு முன்னால், எலும்பு இருக்கக் கூடாத இடத்தில், பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெண்மை.

ஆசாரி படத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். "இங்கனதான் இடிக்குதோ!" என்றார். கவலையைவிட, விடை கிடைத்த சந்தோஷம்தான் அந்தக் குரலில் முதலில் கேட்டது.

"மாலிஷ் பந்த்" என்றார் டாக்டர், உருவுவதை நிறுத்தச் சொல்லி. மதினியின் முகம் சுருங்கியது. டாக்டர் அதைக் கவனித்து, அவரிடம் ஹிந்தியில் மெதுவாகப் பேசினார். உன்மேல் தப்பில்லை, கை சூடு அடங்கும்வரை கழுத்தில் கட்டிய தூளியில் கிடக்கட்டும், அப்புறம் அவரே அசைக்கட்டும், வேறு யாரும் அசைக்கக் கூடாது என்றார். என்னைப் பார்த்து, "நீயும்தான்" என்றார்.

அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆண்பிள்ளை கையைப் பிடித்து வைத்தியம் பார்க்கப் போகிறாளே என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். உண்மையில் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க.

சூடு தணிந்த பிறகு ஆசாரி தானாகக் கையை அசைக்க ஆரம்பித்தார். வலி வரும் இடத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் விதி. ஆனால் மடக்கச் சொன்னால் தோளைத் தூக்குவார், நீட்டச் சொன்னால் உடம்பையே சாய்ப்பார். முழங்கை அசையாமலே கை நகர்ந்ததாக அவருக்கே தோன்றிவிடும். எங்கள் படிப்பில் இதற்கு ட்ரிக் மூவ்மென்ட் என்று பெயர். இதைக் கண்டுபிடிக்கும் வேலையை மதினியிடம் கொடுத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைப் பறித்துக்கொண்டதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. ஆனால் இந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"ஏங்க, தோளத் தூக்குதீய!"

"தூக்கலட்டீ."

"தூக்குதீய! நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். கள்ளத்தனம் பண்ணாதீய!"

அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பவில்லை. என் வகுப்பில் அத்தனை கூர்மையாகப் பார்க்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

வெறுமனே கையை ஆட்டுவது ஆசாரிக்கு அலுத்தது. ரம்பம் அறுக்கட்டுமா என்று கேட்டார். எனக்கு எந்தக் கருவிக்கு எந்த அசைவு என்ற யோசனை பிடித்துக்கொண்டது. ரம்பம் கனம், இழுப்பு அதிகம். இழைப்புளிக்கு உடம்பு எடையே கைக்கு வரும். உப்புக்காகிதம் என்றால்? சரிந்த பலகையில் உப்புக்காகிதத்தை மேலும் கீழும் தேய்த்தால் கை தன் அளவுக்கு மடங்கும், தன் அளவுக்கு நீளும். டாக்டரிடம் கேட்டேன், சரி என்றார். ஒரு படாக் மரப் பலகையைச் சாய்த்து வைத்து ஆசாரி தேய்க்கத் தொடங்கினார். சிவப்புத் தூள் அவர் வேட்டியெல்லாம் படிந்தது.

விடுமுறை முடிந்து நான் கப்பலேறியபோது கை கொஞ்சம்தான் அசைந்திருந்தது. காண்டிராக்டர் வேறு ஆசாரிக்கு இன்னும் சொல்லியனுப்பவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். மெட்ராஸ் வந்ததும் ஆசிரியையிடம் முதல் வேலையாகக் கேட்டேன், முழங்கைக்கு மட்டும் ஏன் அந்தக் குணம் என்று. "முன்னாலிருக்கும் சதை எலும்போடு ஒட்டியே கிடக்கிறது, அடிபட்டால் சேர்ந்தே கிழிகிறது என்பார்கள். முழுக் காரணம் எனக்கும் தெரியாதம்மா" என்றார். தெரியாது என்று ஓர் ஆசிரியை சொல்லி அன்றுதான் கேட்டேன். படிப்பின்மேல் ஆசை கூடியது.

மறு வருஷம்

அடுத்த கோடையில் வந்ததும் டாலிகஞ்ச் போனேன். ஆசாரி கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். மதினி சிரித்தார். "இப்ப சோறு தானா உள்ள போவுது. நான் ஊட்ட வேண்டாம்."

ஆனால் கை முழுதாக நீளவில்லை. மூட்டின் கோணம் அளக்கும் கோனியோமீட்டரை வைத்துப் பார்த்தேன். இனி நீளும் என்று சொல்ல எனக்கு நம்பிக்கை வரவில்லை. காண்டிராக்டர் வேறு ஆளை அழைக்காமல் இவருக்குச் சில்லறை வேலைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கைப்பிடி, ஆப்பு, முக்காலி. நீளப் பலகை இழைக்க முடியவில்லை. பட்டறையில் கொஞ்ச நேரம் குனிந்தாலே இடுப்பு ஒடிந்துபோகிறதாம்.

"கைதான் போச்சுன்னா இடுப்புக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

எனக்கும் அது புதிராக இருந்தது. படிக்கும் இடத்தில் நோயாளி நம்மிடம் வருவார். அவர் வேலை செய்யும் இடத்தை நாம் பார்ப்பதில்லை. கேட்டுக்கொண்டு அவர் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். அவர் இழைத்தார், நான் பார்த்தேன். கை பாதியில் நின்றுவிடுவதால் இழைப்புளி பலகையை எட்ட அவர் உடம்பையே கீழே இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு குனிவு.

"அண்ணாச்சி, இந்த மேசைய ஒசத்துனா என்ன?"

"பட்டற மேசை இந்த ஒசரம்தான் பாப்பா. எங்கயும் இப்படித்தான்."

"நீளுற கைக்கு அது சரி."

அவர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பிறகு எழுந்து நான்கு காலுக்கும் அடியில் இரண்டிரண்டு கட்டையாக வைத்தார். இழைத்துப் பார்த்தார். இடுப்பு நிமிர்ந்துவிட்டது, ஆனால் இழைப்புளி வழுக்கியது. "ரொம்ப ஒசந்துட்டு. அழுத்தம் வரல." காலுக்கு ஒரு கட்டையை உருவினோம். இப்போது சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்தது. பலகை முடியும்வரை அவர் நிறுத்தவில்லை. முடிந்ததும் அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மதினியைக் கூப்பிட்டுத் தடவச் சொன்னார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கதவு வேலை மறுபடி அவர் கைக்கு வந்துவிட்டது. குடிசையைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஓட்டைகள்

படிப்பு முடிந்ததும் மெட்ராசிலேயே வேலை கிடைத்தது. சில வருஷம் இருந்தேன். தீவு ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு வேலை வந்தபோது திரும்பினேன். ஒரு அறையும் ஒரு கட்டிலும் கொடுத்தார்கள். நடை பழகப் பிடித்துக்கொள்ளும் இணைக் கம்பிகள் மெயின்லேண்டிலிருந்து வர எத்தனை காலமாகுமோ தெரியவில்லை. சுப்பையா அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினேன்.

"மரத்துலயே செஞ்சிருவோம். ஒசரம் எவ்ளோம்மா?"

"யாரு வருவாங்கன்னு தெரியாதே அண்ணாச்சி. குட்டையா இருப்பாங்களோ, நெட்டையா இருப்பாங்களோ."

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். தூண்களில் வரிசையாக ஓட்டை போட்டு, எந்த ஓட்டையிலும் செருகக்கூடிய இரும்பு முளையோடு கொண்டுவந்து நிறுத்தினார்.

இளையவர்கள் இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். மூட்டின் கோணத்தை எழுதிக்கொண்டு ஓடிவருகிறார்கள். கோணம் வேண்டியதுதான். அதற்கு முன்னால், இந்தக் கையும் காலும் வீட்டில், வேலையில் என்ன செய்தாக வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தால் போய்ப் பாருங்கள் என்பேன். மூட்டு ஓரளவுக்குத்தான் நமக்காக மாறும். மிச்சத்துக்கு மேசையை மாற்றலாம். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

ஆசாரி செய்த அந்தக் கம்பிகளை முதன்முதலில் பிடித்தவர் சிப்பிகாட்டிலிருந்து வந்த ஒரு அம்மாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. நான் அவர் முழங்காலைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றேன். வேலை முடிந்தும் போகாமல் கதவோரம் நின்றிருந்த ஆசாரி, முன்னால் வந்து முளையைத் தொட்டார்.

"தோளு தூக்குதே. ஒரு ஓட்ட எறக்கி வைக்கட்டுமா தாயி?"

அவர் கேட்டது என்னிடம் அல்ல, கம்பியைப் பிடித்திருந்தவரிடம்.