யானை வரும் இடத்தில் என்ன இசை?

மசினகுடி ரிசார்ட்டின் விளம்பர டிரெய்லரில் யானை வரும் இடத்துக்குத் திகில் இசை தேர்ந்தெடுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு, மூன்று வருடம் கழித்துக் கிடைத்த முதல் எடிட்டிங் வேலை. பயம் இருக்காதா?

பன்னிரண்டு இசைத் துண்டுகளைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் டமடம. மூன்று வயது மகள் எல்லாவற்றுக்கும் ஆடினாள்.

சின்ன வயதில் எங்கள் எஸ்டேட் வீட்டு வாசலுக்கு யானை வந்தால், அப்பா முதலில் ரேடியோவை அணைப்பார். அந்த அமைதியில் அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொள்வேன். அந்தக் கையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது.

யானை வரும் இடத்தில் இசையை நிறுத்திவிட்டேன். மகளும் ஆட்டத்தை நிறுத்தி என் கையைப் பிடித்தாள். அப்படியே அனுப்பினேன்.

ரிசார்ட்டின் கோயம்புத்தூர்க்கார முதலாளி போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, யானை வர்றப்ப சவுண்டே இல்லீங்க. ஃபைல் கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க, அதுதானுங்க யானை சவுண்டு."

"யோசிச்சுச் சொல்றேனுங்க."

நீலகிரிக்காரர்களே, யானை வந்தால் உங்கள் வீட்டில் முதலில் எதை அணைப்பார்கள்? சீக்கிரம் கமெண்டில் போடுங்கள், அவருக்கு அனுப்ப வேண்டும்.