அக்காவின் ரயில் பை

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால், மழைக்கோட்டுகளுக்கு நடுவில் ஒரு கறுப்புத் தோள்பை தொங்குகிறது. அது அக்காவின் ரயில் பை. கடைக்கு, கோயிலுக்கு, வேலைக்கு என்று அக்காவிடம் வேறு பைகள் இருந்தன. இது கடல் தாண்டிப் போகும் ரயிலுக்கு மட்டும். அதற்குள் இப்போதும் ஒரு செபமாலை, ஒரு சீப்பு, பாதி தீர்ந்த தைலக் குப்பி, பழைய ரயில் சீட்டுகள், அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு பரீட்சைச் சான்றிதழ்கள் இருக்கின்றன. பிரான்சின் தெற்கில் இருக்கும் லூர்து மாதாவிடம் போகிறவர்கள் மெழுகுதிரி கொண்டுபோவார்கள், தீர்த்தம் எடுத்துவரப் போத்தல் கொண்டுபோவார்கள். பரீட்சை பாசான கடதாசிகளை ஒவ்வொரு முறையும் மடியில் வைத்துக்கொண்டு போனவர் எனக்குத் தெரிந்து என் அக்கா ஒருவர்தான். மாதா என்ன இன்டர்வியூவா வைக்கப்போகிறா என்று முதல் ரயில் பயணத்தில் நான் பகிடி பண்ணினேன். அப்போது எனக்குக் காரணம் தெரியாது.

அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போயின. மன்னாரில் இருந்தவரை ஊன்றுகோல்களோடு நடந்தார். லண்டனுக்கு வந்த பிறகு சக்கர நாற்காலி. நான் அவருக்கு ஐந்து வயது இளையவன், இந்த நகரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக பஸ் ஓட்டுகிறவன். எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அதன் கதாநாயகன் நான்தான். சண்டைக்காலத்தில், இந்தியாவுக்குப் போகும் படகுக்காக ஊரே கடற்கரையில் நின்றது. படகு கரைக்கு வராமல் இடுப்பளவு தண்ணீரில் ஆடிக்கொண்டு நின்றது. ஊன்றுகோல் மணலில் புதைய அக்கா தடுமாறினார். பதினேழு வயதுப் பொடியனான நான் அவரை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிப் படகில் ஏற்றினேன். "அக்கா பயத்தில கத்தின கத்து! நான் விடேல்லையே!" என்று இந்தக் கதையை எத்தனையோ கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகள் இருவருக்கும் அது மனப்பாடம். அக்கா பக்கத்தில் இருந்தால் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அவர் அதை மறுத்ததும் இல்லை, தானாக யாருக்கும் சொன்னதும் இல்லை.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் லூர்துக்கு ஒரு பஸ் போகும். ஒழுங்கு செய்பவர் பங்குச் சபைத் தலைவர். அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுசன், மலை போலத் தோள்கள். ஒரு வருடம் அவர் வற்புறுத்தி அக்காவையும் அழைத்தார். அந்த உயரமான பஸ்ஸின் படிகளில் ஏற ஒரே வழிதான் இருந்தது. தலைவர் முன்னால் பிடிக்க, இன்னும் இருவர் பின்னால் பிடிக்க, அக்காவை மேலே கொண்டுபோனார்கள். "பாரமே இல்லை அக்கா! எங்கட கடை அரிசி மூட்டை இதைவிடப் பாரம்," என்று தலைவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். நாற்காலியை மடித்துப் பெட்டிகளோடு கீழ் அறையில் போட்டார்கள். பிறகு டோவரில் பாஸ்போர்ட் பார்க்க இறக்கினார்கள், ஏற்றினார்கள். கப்பலில் இறக்கினார்கள், ஏற்றினார்கள். வழியில் நிற்கும் இடமெல்லாம் அதே வேலை. எல்லோரும் அன்பாகத்தான் செய்தார்கள். யார் முதலில் தூக்குவது என்று போட்டியே நடந்தது. அக்கா அந்தப் பயணம் முழுவதும் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வாயை இறுக்கிக்கொண்டு இருந்தார். பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்து நான் இஞ்சி இனிப்பு ஒன்றைக் கொடுத்தேன்.

அடுத்த கோடையில் கோயிலில் பெயர் எழுதும் தாள் வந்தபோது அக்கா அதைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த முறை நான் ரயிலில போறன். நீங்கள் பஸ்ஸில வாங்கோ, அங்க சந்திப்பம்." தலைவருக்கு முகம் விழுந்துவிட்டது. "எங்களோட வர வெட்கமோ அக்கா? நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்?" என்று கேட்டார். "ஒரு குறையும் விடேல்லை. போகேக்க மட்டும் பன்ரண்டு தரம் என்னைத் தூக்கினியள். ஒரு தரம்கூட ஆரும் கேக்கேல்லை," என்றார் அக்கா. தலைவர் என்னைப் பார்த்தார். நான் கோயில் கூரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் கோபம்தான். பஸ் ஓட்டிப் பிழைக்கிறவனுடைய சொந்த அக்கா பஸ்ஸே வேண்டாம் என்கிறாரே! அதோடு, சக்கர நாற்காலிக்கான இடம் முதல் வகுப்புப் பெட்டியில் என்பது தெரிந்ததும், அக்கா பெரிய இடத்தில் போகிறாவாம் என்று பங்கில் ஒரு கதை கிளம்பியது. துணைக்குப் போகவேண்டியவன் நான். அரை மனதோடு லீவு எழுதிக் கொடுத்தேன்.

அக்கா ஒரு மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். யாரை எங்கே பிடித்தால் காரியம் நடக்கும் என்பது அவருக்கு அத்துபடி. லண்டனில் நாற்காலி உருண்டு ஏற ரயில் வாசலில் சாய்பலகை வைப்பது யார், பாரிசில் இறங்கியதும் மறு நிலையத்துக்குக் கொண்டுபோகும் வாகனம் எது, அங்கே நாற்காலியை அப்படியே உயர்த்தி ரயிலில் ஏற்றும் தள்ளுவண்டியோடு நிற்பது யார் என்று எல்லாவற்றையும் பெயரோடு எழுதி வைத்திருந்தார். செயின்ட் பாங்க்ராஸில் அவர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு பாஸ்போர்ட் பார்க்கும் கண்ணாடிக் கூண்டுவரை போனார். தன் கையாலேயே பாஸ்போர்ட்டை நீட்டினார். உள்ளே இருந்த பிரெஞ்சு அதிகாரி எழுந்து குனிந்து "போன்ஜூர் மதாம்" என்றார். சாய்பலகையில் உருண்டு ஏறித் தன் நாற்காலியிலேயே மேசைக்கு முன்னால் அமர்ந்த அக்கா, ரயில் புறப்பட்டதும் செய்த முதல் காரியம் ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்ததுதான். பிறகு தேநீர். பிறகு இன்னொரு போத்தல். அடுத்த கதவு நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறை. போன வருடம் அவர் ஏன் தாகத்தோடு வந்தார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வெட்கமாக இருந்தது.

பாரிசில் மறு நிலையத்தில்தான் சிக்கல் வந்தது. ரயில் நின்றது, கதவு திறந்திருந்தது, தள்ளுவண்டிக்காரர் மட்டும் வரவில்லை. அக்கா தொலைபேசியில் ஆங்கிலத்திலும் அரைகுறைப் பிரெஞ்சிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று மாலை ஐந்து மணிக்கு லூர்தில் தமிழ்ப் பூசை; முதல் வாசகம் வாசிக்க அக்காவின் பெயரைப் போட்டிருந்தார்கள். இந்த ரயிலை விட்டால் பூசைக்குப் போய்ச் சேர முடியாது. புறப்பட மூன்று நிமிடம் இருக்கையில் நான் பொறுமை இழந்தேன். "அக்கா, ரண்டு படிதான். நான் தூக்கிறன்." எங்களைப் பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரரும் தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். நான் குனிந்து அக்காவின் கைக்கடியில் கையைக் கொடுத்தேன்.

"தொடாதை," என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "பூசை அக்கா! அஞ்சு மணிக்கு!" "தெரியும். ரயில் போகட்டும்." கதவு மூடியது, ரயில் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேடையின் மறு கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். வந்து, மனதில் இருந்ததைக் கொட்டினேன். கடற்கரையில் நான் தூக்கியிருக்காவிட்டால் இன்று நீ எங்கே இருந்திருப்பாய் என்றும் கேட்டுவிட்டேன்.

அக்கா மடியில் இருந்த பையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "அண்டைக்கு என்ர தோளில ஒரு பை இருந்தது, நினைவிருக்கோ? ஓஎல், ஏஎல் சோதினைச் சேட்டிபிக்கற் எல்லாம் அதுக்குள்ளதான். வாத்தியார் வேலைக்கு வந்த கடிதமும் இருந்தது. நீ பின்னால வந்து தூக்க, பை கழண்டு மணலில விழுந்திட்டுது. நான் 'பையை எடடா, பையை எடடா' எண்டு கத்தினனான். நீ திரும்பியே பாக்கேல்லை. நீ என்னைத் தூக்கினாய் தம்பி, என்ர பையைத் தூக்கேல்லை." அக்கா தொடர்ந்து சொன்னார்: "உன்னில கோபமில்லை. உயிர் தப்பினது உன்னாலதான். ஆனா நீ ஒரு நிமிஷம் நிண்டு, 'அக்கா, தூக்கட்டோ' எண்டு கேட்டிருந்தால், நான் பையை முதல் கழுத்தில மாட்டியிருப்பன்."

இத்தனை வருடமும் பயத்தில் கத்தினார் என்று நான் சபை சபையாகச் சொல்லிச் சிரித்த கத்தல் அதுதான். லண்டனுக்கு வந்தபோது அக்கா பள்ளிக்கூடம் போனதற்கே கையில் ஆதாரம் இல்லை. முப்பது வயதுக்கு மேல், பகலில் ஒரு தையல் வேலை, மாலையில் கல்லூரி என்று, தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு இருந்து எல்லாப் பரீட்சைகளையும் மறுபடி எழுதினார். அக்காவுக்குப் படிப்பில் ஆசை என்று நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். நான் மணலில் விட்டதைத்தான் அவர் திரும்பச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அன்று அந்த மேடையில், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த நான் வாய்விட்டு அழுதேன். அக்கா தைலக் குப்பியை நீட்டி, "இந்தா, தலையிடி வரப்போகுது," என்றார்.

அடுத்த ரயில் மூன்று மணி நேரம் கழித்து. தள்ளுவண்டிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து இருந்தபடியே உயர்ந்து உள்ளே போனார். லூர்தில் பூசை முடிந்திருந்தது. தலைவரும் ஆட்களும் விடுதி வாசலில் நின்றார்கள். "தம்பி, பிடிச்சுத் தூக்கி ஏத்தியிருந்தால் நேரத்துக்கு வந்திருக்கலாமே," என்றார் தலைவர். "அவ தூக்கச் சொல்லேல்லை, அண்ணை," என்றேன் நான். மறுநாள் காலைப் பூசையில் அக்கா வாசகம் வாசித்தார். ஆயிரம் பேரின் பதற்றத்தைத் தொலைபேசியில் அமர்த்திப் பழகிய குரல் அது. கடைசி வரிசை வாங்கில் இருந்த ஒரு கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. இது என் அக்கா என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். அவர் எங்கள் ஆளே இல்லை, ஆனாலும் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு அக்கா ஒவ்வொரு கோடையிலும் ரயிலில்தான் போனார். இரண்டாம் வருடம் முழங்கால் நோவுள்ள ஒரு அன்ரி சேர்ந்துகொண்டார். பிறகு இன்னும் இரண்டு பேர். ஒருநாள் தலைவரே எங்கள் வீட்டுக்கு வந்தார், இதயத்தில் சத்திரசிகிச்சை முடிந்து, தோள்கள் ஒடுங்கி. தேநீரை நெடுநேரம் கலக்கிக்கொண்டு இருந்துவிட்டு, "அக்கா, அந்த ரயில் எப்பிடிப் புக் பண்ணுறது?" என்றார். அக்கா ஒரு சொல்லும் குத்திப் பேசாமல் தொலைபேசியை எடுத்தார். அந்தப் பயணத்திலிருந்து தலைவர் கோயில் வாசலில் அக்காவைக் கண்டால், "தள்ளட்டோ அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியைத் தொடுவார். பெரும்பாலும் அக்கா வேண்டாம் என்பார். சில நாள் ஓம் என்பார். நானும் என் பஸ்ஸில் சாய்பலகையை இறக்கும்போது, பயணிகள் பாய்ந்து வந்து யாருடைய நாற்காலியையாவது பிடித்தால், முதலில் அவரைக் கேளுங்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

போன மாரியில் அக்கா நோய்ப்பட்டார். கடைசிக் கிழமையில் ஒரு பகல், கட்டிலருகே இருந்த என்னிடம், "என்ர அடக்கத்தண்டைக்கு நீங்கள் எல்லாரும் தூக்கத்தானே வேணும்," என்றார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. "தூக்குங்கோ. நான் சம்மதிக்கிறன். ஆனா கேட்டுப்போட்டுத் தூக்குங்கோ. நீ பையை விட்டிடாதை." சொல்லிவிட்டுச் சிரித்தார், என்னைப் பகிடி பண்ணும் அதே சிரிப்பு.

அடக்கத்தன்று கோயில் வாசலில் பெட்டிக்கு இரு பக்கமும் ஆறு பேர் நின்றோம். தலைவர் பாரம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஓரமாக நின்றார். எல்லோரும் குனிந்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "தம்பி, கேளும்," என்றார். நான் பெட்டியில் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, தூக்கட்டோ?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் நின்றோம். அந்த ஒரு நிமிடத்தை நான் அவருக்கு முப்பது வருடத்துக்கு மேலாகக் கடன்பட்டிருந்தேன். பிறகு தூக்கினோம். என் வலது தோளில் அக்கா இருந்தார். இடது தோளில் இந்தப் பை இருந்தது.

இப்போது பங்கு பஸ்ஸிலும் நாற்காலி ஏற்றும் லிஃப்ட் உண்டு. தலைவர் தேடிப் பிடித்து ஒழுங்கு செய்தார். ஆனாலும் நான் வருகிற கிழமை ரயிலில்தான் போகிறேன், மூத்த மகளோடு. கடற்கரைக் கதையை மறுபடி சொல்லச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அதை இப்போது நான் பை விழுந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். நேற்று பையைக் கொளுக்கியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, நான்கு சான்றிதழ்களும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருக்கின்றன. பெட்டிகளை மேல் தட்டில் வைக்கலாம். பை என் மடியில் வரும்.