இடியின் ஹெட்போன்

ராக் பாட்டில் பாடுகிறவன் கத்துவான், லீட் கித்தார்க்காரன் குதிப்பான், கைதட்டல் அவர்களுக்குப் போகும். அடியில் ஒருத்தி பேஸ் கித்தாரோடு மொத்தப் பாட்டையும் தாங்கிக்கொண்டு நிற்பது யார் கண்ணிலும் படாது. எந்த ஸ்டுடியோ கூப்பிட்டாலும் போய் வாசித்துவிட்டு வருகிற பேஸ் அக்காவின் பிழைப்பு அதுதான். "இதுல நீ எங்கம்மா இருக்க? கேக்கவே இல்லையே!" என்று அவள் வாசித்த ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துப் பெற்ற மகளே கேட்டுவிட்டாள். அக்கா சிரித்து மழுப்பினாலும் உள்ளே சுருக்கென்றது.

மணிக்கட்டு முறிந்து கூடியபின் அன்றுதான் முதல் பதிவு. கை பழையபடி ஓடாவிட்டால் தொழிலுக்கே முழுக்குப் போட்டுவிடுவது என்று வந்திருந்தாள். டிரம்ஸில் வழக்கம்போல இடி. பேர்தான் இடி, பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது.

பாதிப் பாட்டில் ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். ஹெட்போனில் டக் டக்கென்று தாளக்கணக்குக்கு ஓடும் கிளிக்கை விட்டு இருவரும் பின்தங்குகிறார்களாம்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "அவன் மேல தப்பில்ல சார். என் கைதான் இழுக்குது. வேற ஆளப் பாத்துக்குங்க."

"முதல்ல, எடுத்த வரைக்கும் கேப்போம்" என்றார் அவர்.

அக்கா அவசரத்தில் டிரம்ஸ் மேல் கிடந்த இடியின் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவரவருக்கு வேண்டியதை அதில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இடியுடையதில் பாடகன் இல்லை, லீட் கித்தார் இல்லை, கிளிக்கும் இல்லை. அவளுடைய பேஸ் மட்டும் காது நிறைய ஓடிக்கொண்டிருந்தது. விரல் கம்பியை விட்டு எழும் உரசல்கூடக் கேட்டது.

அவளே தன் வாசிப்பை இப்படிக் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

"என்னடா இது, கிளிக்கக் காணோம்?"

"நான் என்னைக்குக்கா அத வெச்சேன்?"

"பாட்டு?"

"அவன் கத்துறதுதான் செவுரத் தாண்டிக் கேக்குதே."

"நான் பின்னாடி போனா?"

"நானும் வருவேன்."

ஒலிப்பதிவாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எடுத்ததை இன்னொரு தடவை ஓடவிட்டார். "இழுத்தாலும் சேந்துதான் இழுக்குறீங்க. நல்லாத்தான்யா இருக்கு" என்று சொல்லி எல்லாருக்கும் கிளிக்கை அணைத்துவிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கித்தாரை மாட்டினாள்.

பாட்டு வெளிவந்ததும் மகள் கேட்டுப் பார்த்தாள். "இதுலயும் நீ எங்க இருக்கன்னு தெரியலையேம்மா."

"இடி மாமாவக் கேளு" என்றாள் அக்கா.