ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் நான் வைத்த சத்தம்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திருச்செங்கோட்டில் தண்ணீருக்குப் போர் போடும் ரிக் லாரியில் கூலியாக ஏறி, இருபத்தைந்து வருடத்தில் ஐந்து வண்டிக்கு முதலாளியானேன். பிறகுதான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மேல்மாடியைப் பிடித்து, மேடையில் ஆட்கள் இசை வாசிக்க, குடித்துச் சாப்பிட்டபடியே கேட்கிற கிளப்பைத் திறந்தேன். பெங்களூரைப் பார்த்தவர்கள் எல்லாம், சேலத்தில் இது எடுபடாது என்றார்கள். முதல் வருடம் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று கேட்டது கூட்டம். மேடைக்கு இரும்பு வெட்டிப் பற்றவைத்தது கூட என் கைதான்.

வாசித்தவர்கள் நான்கு பேர். அவர்களுக்குத் தலைவர் ஒரு கிட்டார்காரர். டவுனில் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு காலை பூசையில் பாட்டுக்காரர்களோடு வாசிப்பார்; வெள்ளி, சனி என்னிடம். அவர் கம்பியைத் தொட்டால் சாப்பிடுகிறவன் கை அப்படியே நிற்கும். அவரை நம்பித்தான் கிளப்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் முதலில் ஒரு ஆள் இருந்தான். அவன் வைத்த சத்தம் எனக்குப் பத்தவில்லை. அவனை அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். எண்ணூறு அடிக்குக் கீழே பாறை உடைகிறதா, சேறு வருகிறதா என்று ரிக்கின் கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே சொன்னவன் நான். நாலு ஸ்பீக்கர் எனக்கு எம்மாத்திரம்?

"அண்ணா, கொஞ்சம் கொறைங்கண்ணா. வூட்டுக்குப் போனாலும் காது கூவிக்கிட்டே இருக்குது," என்றார் கிட்டார்காரர்.

"ரிக்குகிட்ட வந்து நின்னு பாருங்க தம்பி. இதெல்லாம் ஒரு சத்தமுங்களா? பஞ்சு வெச்சுக்குங்க."

அவர் பஞ்சு வைத்துக்கொண்டார்.

ராசிபுரத்து ஜவுளிக்காரர் ஒருவர் எப்போதும் முதல் மேசையில் உட்காருவார். பிறகு கடைசி மேசைக்குப் போனார். பிறகு வெளியே பால்கனிக்கு.

"ஏனுங்க, உள்ள வாங்க," என்றேன்.

"இங்கியே நல்லா கேக்குதுங்க. ஓமலூர்ல உக்காந்தாலும் கேக்குமுங்க," என்று சிரித்தார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். கூட்டம் குறையக் குறைய நான் சத்தத்தை ஏற்றினேன். தண்ணீர் வராத குழியை இன்னும் நூறு அடி இறக்கியே பழகியவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஒரு மத்தியானம் கிட்டார்காரர் தனியாக வந்தார். ஆள் இல்லாத மேசையில் என்னை எதிரே உட்காரவைத்தார். "அண்ணா, கண்ண மூடிக்குங்க. ஸ்பீக்கர் கிடையாது. நான் வாசிக்கிறது கேட்டா கையத் தூக்குங்க."

மூடினேன். காத்திருந்தேன். "ஏனுங்க தம்பி, ஆரம்பிங்க," என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவர் விரல்கள் கடைசி மெல்லிய கம்பியின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கன்னம் நனைந்திருந்தது.

கம்ப்ரசர் என் காதில் சன்னமான மேல் சத்தங்களைத் தின்று பல வருடமாகிவிட்டது என்று காது டாக்டர் சொன்னார். செத்த காதை வைத்துக்கொண்டு, நல்ல காதுள்ள இருநூறு பேருக்கு நான் சத்தம் வைத்திருக்கிறேன்.

காது மிஷின் வாங்கினேன். மிக்சருக்குப் பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட்டேன். கூட்டம் திரும்பவில்லை. கிட்டார்காரரும் வரவில்லை. கிளப்பை மூடினேன், அங்கே இப்போது சோபா விற்கிறார்கள்.

போன ஞாயிறு அவர் பூசைக்குப் போகும் கோயிலுக்குப் போனேன். யாரோ ஒரு பெண் கீபோர்டு வாசித்தாள். அவர் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வந்தார்.

"வாசிக்கறதில்லீங்களா தம்பி?"

"சுதி சேர்க்க முடியலண்ணா. காதுக்குள்ள ஒரு விசில் நிக்கவே மாட்டேங்குது. எது கம்பி, எது விசில்னு தெரியல."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். வாசலில் ஜனங்கள் பேசியதும் செருப்புகள் உரசியதும்தான் மிஷினில் விழுந்தன. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.