முழங்கால் இடிக்காத தோட்டம்

கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து, காற்றுப் போகத் துளையும் போட்டு, ஸ்கூட்டியில் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு வன்னியில் கனகராயன்குளத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வாழ்வாதாரம் அமைத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்து அப்போது மூன்று மாதம்தான். அந்த முறை எங்கள் திட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கோழி. கண் தெரியாதவருக்கும் கோழி, கை இல்லாதவருக்கும் கோழி. அதில் ஒரு பிழையும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் இருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. போரின் கடைசி நாட்களில் முதுகில் பட்ட காயத்தால் இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. சமையல், துவையல் எல்லாம் சக்கர நாற்காலியில் இருந்தபடிதான். கணவர் வீடு கட்டும் மேசன் வேலைக்குப் போய்விடுவார், மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுக்க அக்கா தனியே.

பெட்டியைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை, கோழி ஓடுமெல்லோ?"

"ஓம் அக்கா, ஓடும்தானே."

"நான் ஓடமாட்டன். பின்ன ஆர் உதுகளைப் பிடிச்சு அடைக்கிறது? ஒவ்வொரு பின்னேரமும் நீங்கள் வருவீங்களோ?"

கூடு அடித்துத் தருகிறோம் என்றேன். குனிந்து கூட்டைத் துப்புரவாக்குவது யார் என்று கேட்டார். பெட்டியை மூடினேன். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப உங்களுக்கு என்ன அக்கா வேணும்?"

சேர்ந்த நாளில் இருந்து அந்தக் கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தோட்டம்," என்றார், யோசிக்காமலே. "காயப்பட முதல் நல்லாத் தோட்டம் செய்தனான். நான் நட்ட மிளகாய்க் கண்டு பட்டுப்போனதே இல்லை. இப்பவும் என்ர கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. நிலம்தான் எட்டாது. நிலத்தைத் தூக்கி இஞ்ச கொண்டுவாங்கோ." நாற்காலியின் கைப்பிடியைத் தட்டி உயரத்தையும் காட்டினார்.

குஞ்சுகளோடு திரும்பி அலுவலகத்துக்கு வந்தேன். எங்கள் பணிப்பாளர் நல்ல மனிதர். ஆனால் கடதாசியில் இல்லாத எதையும் செய்யமாட்டார். "கோழி எண்டுதான் அனுமதி எடுத்திருக்கிறம். மாத்துறதெண்டா காரணத்தை எழுத்தில வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றார். மறுநாள் போய் அக்காவிடம் சொன்னேன். "பேப்பரை எடுங்கோ, நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ," என்றார். அந்தக் கடிதம் இவ்வளவுதான்: 'தாங்கள் தரும் கோழி ஓடும். நான் ஓடமாட்டேன். ஆனபடியால் ஓடாத பொருள் ஏதாவது தந்துதவவும்.' பணிப்பாளர் அதை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். குஞ்சுகள், ஒரு கை இல்லாவிட்டாலும் வளவு முழுக்க ஓடித்திரியும் வேறோர் அண்ணையிடம் போய்ச் சேர்ந்தன.

தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய நீலப் பிளாஸ்டிக் பரல்களை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரும்புக் கால்களின் மேல் வைத்து, அதற்குள் மண் நிரப்புவது என்று முடிவெடுத்தோம். இரும்பு வேலைக்கு ஏ9 வீதியோரம் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணையைப் பிடித்தேன். அவரும் எங்கள் அங்கத்தவர்தான். பிறந்ததிலிருந்து காது கேட்காது. சைகையில் கதைப்பார், அது விளங்காதவர்களோடு வெண்கட்டியால் நிலத்தில் படம் கீறிக் கதைப்பார். நானும் கீறிக் காட்டினேன். தலையை ஆட்டினார். ஒரு கிழமையில் பரல்களுக்கான நான்கு இரும்புத் தாங்கிகள் தயார்.

வெல்டிங் அண்ணையும் நானும் சின்ன உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கி, மண்ணும் எருவும் உக்கிய இலையும் போட்டு நிரப்பினோம். அக்கா ஆசையோடு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார்.

டக்.

முழங்கால் இரண்டும் தாங்கியின் முன் குறுக்குக் கம்பியில் இடித்து நின்றன. கை பரலின் விளிம்பு வரைதான் போனது. நான் பதறிப்போய், "நொந்ததோ அக்கா?" என்று கேட்டேன்.

"நோகாது. அதுதான் பயம். காயம் வந்தாலும் எனக்குத் தெரியாது."

வெல்டிங் அண்ணையின் முகம் கறுத்துப் போனது. குந்தி இருந்து கம்பியைத் தடவிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் வந்து, நாற்காலியைக் காட்டி, தன்னைக் காட்டினார். அக்காவுக்கு விளங்கிவிட்டது. கையை ஊன்றித் தானாகவே விறாந்தைக் கட்டிலுக்கு மாறி, நாற்காலியைக் கொடுத்தார். அண்ணை அதில் ஏறி இருந்தார்.

அன்று காலை முழுக்க அவர் எழும்பவே இல்லை. முதலில் பரலுக்குப் போனார். முழங்கால் இடிக்க, முகத்தைச் சுளித்தார். அக்கா சமைக்கும் குசினிக்குப் போகப் பார்த்தார், அக்கா நாளும் பாடுபட்டுத் தாண்டும் வாசற்படி அவரை விடவில்லை. கிணற்றடிக்கு உருட்டினார், சில்லு மணலில் புதைந்தது. வெளியே எடுக்க முன்னும் பின்னும் ஆட்டிய ஆட்டில் குப்பைக் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கட்டிலில் இருந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இடப்பக்கச் சில்லைப் பிடிக்கச் சொல்லுங்கோ பிள்ளை, இல்லாட்டி அவர் குழிக்குள்ளதான்!"

சிரிப்புச் சத்தம் அண்ணைக்குக் கேட்காது. ஆனால் அக்கா குலுங்குவதைத் திரும்பிப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. நான் இருவருக்கும் நடுவில் நின்று சிரித்தேன்.

பிறகு அவர் இறங்கி, நிலத்திலிருந்து முழங்கால் வரை, முழங்கை வரை எல்லாம் அளந்தார். பரல்களை இறக்கி வைத்துவிட்டுத் தாங்கிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். மூன்று நாளில் கொண்டுவந்தவற்றில் முன் கம்பியே இல்லை. கால்கள் பின்னுக்குத் தள்ளி இருந்தன, பரல் முன்னுக்கு வந்திருந்தது. அக்கா முழங்கால் பரலுக்கடியில் போக நாற்காலியை உருட்டி, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை மண்ணுக்குள் விட்டு, கட்டிகளை உதிர்க்கத் தொடங்கினார். அதற்குள் அண்ணை குசினி வாசலில் தகரத்தால் ஒரு சாய்தளம் பொருத்திக்கொண்டிருந்தார். இது யார் கேட்டது என்று சைகையில் கேட்டேன். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மிளகாய், கத்தரி, வெண்டி, பசளிக் கீரை என்று நட்டார். கோப்பை கழுவின தண்ணீர் எல்லாம் பரலுக்குப் போனது. கொக்கிளாய்ப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் வியாபாரியிடம் மீன் குடலும் செதிலும் வாங்கி, சருகோடு சேர்த்து உக்க வைத்துப் பசளையாக்கினார். வெயில் காலத்தில் போத்தல் மூடியில் ஊசித் துளை போட்டு மண்ணில் கவிழ்த்து வைத்தார், தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி மட்டும் வேண்டாம் என்றார்.

"பாத்தி என்ர மூக்குக்கு நேர இருக்கு. மருந்தடிச்சா பூச்சிக்கு முதல் நான் போயிடுவன்."

ஒருநாள் பக்கத்து வளவு மாமி பச்சை மிளகாய் கேட்டு வந்தார். ஐம்பது தாண்டியவர், முழங்கால் நோவோடு வயல் செய்பவர். பரலடியில் நின்றபடியே ஒரு பிடி பிடுங்கினார். பிறகு ஏதோ கண்டுபிடித்தவர் போல அக்காவைப் பார்த்தார்.

"என்னடி இது, குனியாமலே பிடுங்கலாமே! எனக்கும் உதில ஒண்டு வேணும்."

"உங்களுக்கு என்னத்துக்கு மாமி? கால் நல்லாத்தானே இருக்கு."

"கால் இருக்கு. மடிஞ்சா நிமிராது!"

அந்த மாமியைத் தொடர்ந்து ஊரில் முதுகு பிடித்தவர்கள், இடுப்பு நொந்தவர்கள் எல்லாம் வரத் தொடங்கினார்கள். அளவெடுப்பது அக்காவின் வேலையாயிற்று. தையல் நாடாவை எடுத்து ஆளின் முழங்கை உயரத்தைப் பார்த்து, கடதாசித் துண்டில் படம் கீறி வெல்டிங் கடைக்கு அனுப்புவார். துண்டில் சந்தேகம் இருந்தால் அண்ணை நேரே வந்துவிடுவார். இருவரும் சைகையில் பிடிக்கும் சண்டையைப் பார்க்கவே சனம் வேலியோரம் நிற்கும்.

போன மாதம் கிளிநொச்சியிலிருந்து விவசாயிகள் குழு ஒன்று பஸ்ஸில் வந்தது, அக்காவின் தோட்டத்தைப் பார்க்க. நான் கொண்டுபோன கதிரைகள் ஆட்களுக்குப் போதவில்லை. எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். கூட வந்த விவசாயப் போதனாசிரியர் குறிப்புப் புத்தகத்தோடு அவருக்கு மேலே குனிந்து நின்றார்.

"உப்பிடி நிண்டா அண்ணாந்து கதைச்சு எனக்குக் கழுத்து நோகும், சேர். எல்லாரும் கீழ இருங்கோ," என்றார் அக்கா.

போதனாசிரியர் முதலில் நிலத்தில் இருந்தார். பிறகு எல்லோரும் சாரத்தையும் சேலையையும் ஒதுக்கிக்கொண்டு மணலில் இருந்தார்கள். அந்த வளவிலேயே உயரத்தில் இருந்தவர் அக்காதான். ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாருங்கோ, எவ்வளவு வடிவாத் தெரியுது எல்லாரின்ர முகமும்," என்று சிரித்தார். பிறகு ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முன் வரிசைக்கு நீட்டினார். "சரி, முதல்ல இதை மூக்கில வைச்சு மணந்து பாருங்கோ."