கிழக்கே தலை வைத்தவர்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கிழக்கே கால் நீட்டித்தான் படுத்திருக்கிறார்கள். ஆண்டவர் இரண்டாம் முறை கிழக்கிலிருந்து வருவார். எக்காளம் கேட்டு எழுந்து நின்றால் நேரே அவர் முகத்தைப் பார்க்கலாம். கீழ்வேளூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பங்களான எங்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. என் அக்கா வீட்டுக்காரர் ஒருவர்தான் மாறிப் படுத்துவிட்டார்.

அவர் இறந்தது அடைமழையில். கல்லறைக்கு வாசல் மேற்குப் பக்கம். அன்று அந்தப் பாதையில் இடுப்பளவு தண்ணீர். வாய்க்கால் கரையைச் சுற்றிப்போய், கிழக்கே வேலியைப் பிரித்துப் பெட்டியைக் கொண்டுபோனார்கள். கால்மாடு முன்னால் போவதுதான் வழக்கம். வழக்கப்படியே போய், வழக்கப்படியே இறக்கிவிட்டார்கள். குழியில் ஊறுகிற தண்ணீரைப் பார்ப்பார்களா, திசையைப் பார்ப்பார்களா? மண் விழுந்த பிறகுதான் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பெட்டியின் தலைமாட்டில் வரைந்திருந்த சிலுவை கிழக்கே இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அதோடு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவர் எந்திரிச்சு நிக்கையில ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாரேடி."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வானம் பூமியைப் படைச்சவருக்கு அத்தானோட முதுகு தெரியாதாக்கும்! கோயில்லயே அவரு கடைசி பெஞ்சுதானே" என்றேன். வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

தோண்டித் திருப்பி வைக்க முடியுமா என்று போதகரிடம் கேட்டாள். "வேண்டாம்மா, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியாதா? எப்படிப் பார்ப்பார் என்பதுதானே அவள் கவலை.

பெரிய வெள்ளி வந்தது. மூன்று மணி நேர ஆராதனை, வெறும் வயிறு, அனல் காற்று. ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிப் போதகர் பேசத் தொடங்கியதும், குனிந்திருந்த அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீடு திரும்பும்போது, ரோட்டில் உளுந்துச் செடி காயப்போட்டிருந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"அந்தக் கள்ளன் எப்படித் திரும்புவான் சொல்லு? கையும் காலும் மரத்துல. ஆண்டவரும் ஆணியிலதான் தொங்குறாரு. அந்த வலியிலயும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாருடி. சாகக் கிடந்தப்பவே திரும்பினவரு, மகிமையா வர்றப்ப இவர் பக்கம் திரும்ப மாட்டாரா?"

வீட்டுக்கு வந்து இரண்டு குவளை கஞ்சி குடித்தாள். அப்பாடா என்றிருந்தது.

"ஆனா ஒண்ணு. என்னையும் அவரு மாதிரியே கிழக்கே தலை வச்சுப் படுக்க வை. அவரை மட்டும் தனியா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்க விட மாட்டேன்."

"வாயைக் கழுவு" என்றேன்.

இந்த மாசியில் போய்விட்டாள். மழையில்லை; பாதை காய்ந்து கிடந்தது. மேற்கு வாசல் வழியாகப் பெட்டி வந்தபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"பெட்டியைத் திருப்புங்க. தலை கிழக்கே இருக்கணும்."

சபைப் பெரியவர் ஒருவர் பதறிப்போனார். "என்னம்மா பேசுறீங்க? ஆண்டவர் வர்றப்ப முதுகைக் காட்டிக்கிட்டா நிக்கிறது?"

"அவரு திரும்புவாருங்க" என்றேன். "நீங்க முதல்ல எங்க அக்காவைத் திருப்புங்க."